தையல் மெஷினைத் தேடிப் போனவன்

ரக்கேரா பசிபிக் கடலில் உள்ள மராக்கேய் தீவுக்காரி. பெத்தியோ தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. காற்று சரியாக இருந்தால் பாய்த்தோணியில் இரண்டு நாள் தூரம்தான். ஆனாலும் பெத்தியோ பெண்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ மராக்கேய்" என்பார்கள். ஊர் மண்டபத்தில் கூட்டம் நடந்தால் அவளுக்குக் கடைசிப் பாயில்தான் இடம்.

அவளோடு வந்த சீதனம் ஒரு தையல் மெஷின். கையால் சுற்றுவது. அவள் அப்பா இரண்டு வருடம் கொப்பரை காயவைத்து வாங்கிக் கொடுத்தது. பெத்தியோவில் அப்போது மிஷன் வீட்டில் ஒன்று, கடைக்காரர் வீட்டில் ஒன்று, மூன்றாவது இவளுடையது. கிழிந்ததைக் கொண்டுவந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பேசியவர்கள் மறுமுறை மீன் கொண்டுவந்தார்கள். அந்த ஊரில் அவள் வாசலில் நாலு பேர் வந்து நின்றார்கள் என்றால் அந்த மெஷினால்தான்.

கணவன் தெபானோ பதநீர் இறக்குகிறவன். காலையும் மாலையும் தென்னை உச்சியில் உட்கார்ந்து உரக்கப் பாடிக்கொண்டே பாளை சீவுவான். வள்ளம் செதுக்கும்போது வாச்சி தவறி இடது கால் பெருவிரல் போய்விட்டது. அந்தக் காலோடும் மற்றவர்களைவிட வேகமாக ஏறுவான். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவன் வீட்டார் பேசினார்கள், அவன் பேசவில்லை.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். பெத்தியோ முழுவதும் தங்களுக்கு வேண்டும் என்றார்கள். ஊரைக் காலி செய்து பக்கத்துத் திட்டான பைரிக்கிக்குப் போகச் சொன்னார்கள். கையில் தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு ஒரே பகலில் கிளம்ப வேண்டியிருந்தது. மெஷின் கனம். தெபானோ அதைத் தார்ப்பாயில் சுற்றி, பாபாய்க் கிழங்கு வளர்க்கும் குழியின் மேட்டோரம் புதைத்தான். "ஒரு மாசத்துல திரும்பிருவோம்" என்றான்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆண்களை மட்டும் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். பதுங்கு அறைகளுக்கு மரம் வேண்டும் என்று தென்னைகளை வெட்டச் சொன்னார்கள். தெபானோ தன் கையால் தன் மரங்கள் பதினேழை வெட்டினான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று நவம்பரில் அமெரிக்க விமானங்கள் நாள் தவறாமல் வந்து குண்டு போட ஆரம்பித்தன. ஜப்பான்காரர்கள் எங்கள் ஆட்களை வீட்டுக்கு விரட்டிவிட்டார்கள். தெபானோவும் அவன் அண்ணன் பவுரோவும் பைரிக்கிக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் பழைய வீடுகளில் விட்டுப்போனவற்றில் அகப்பட்டதைக் கொண்டுவந்தார்கள். தெபானோ வெறுங்கையோடு வந்தான்.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் அந்தப் பேச்சு நடந்தது. பல வருடம் கழித்து ரக்கேரா அதை என்னிடம் சொன்னபோது ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

"எல்லாரும் அவங்கவங்க சாமானைக் கொண்டாந்துட்டாங்க. உங்க அண்ணன் பானை சட்டிகூட விடல. என் மெஷின் மட்டும் மண்ணுக்குள்ள கெடக்கு."

"கெடந்துட்டுப் போகுது. அதுக்கென்ன காலா இருக்கு, ஓடிப்போக?"

"துருப்புடிச்சா என்ன பண்றது? வருசம் ஒண்ணுக்கு மேல ஆச்சுய்யா."

"மேல பிளேன் பறக்குதே, கண்ணு தெரியலையா உனக்கு?"

"அது காலையில வருது, மத்தியானத்தோட போயிருது. சாயங்காலமாப் போயிட்டு வா. பயமாயிருந்தா சொல்லு, நானே போறேன்."

தெபானோ சிரித்தான். "நீ போனா ஜப்பான்காரன் ஓடிருவான் மராக்கேய். வேண்டாம், அவனும் பாவம்." பிறகு எழுந்து இடுப்புத்துணியை இறுக்கிக்கொண்டான். "எடுத்துட்டு வந்தா எனக்கொரு சட்டை தைக்கணும். பை வச்சு. ரெண்டு பை."

பைரிக்கிக்கும் பெத்தியோவுக்கும் நடுவில் பவளத்திட்டின் மேல் நடந்தே போகலாம். அன்று தேய்பிறை பாதி நிலா. அந்த நாட்களில் கடல் முழுதாக வற்றவும் வற்றாது, முழுதாக ஏறவும் ஏறாது. இடுப்பளவுத் தண்ணீரில் அவன் நடந்து போனான். அவள் பின்னாலேயே கரைவரை போகவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று காட்டவேண்டும் போலிருந்ததாம்.

மறுநாள் விடியும் முன்பே கடல் முழுக்கக் கப்பல்கள். பெத்தியோ இருந்த இடத்தில் புகையும் நெருப்பும்தான் இருந்தன. பைரிக்கியில் தரை நடுங்கியது; கூரை ஓலைகள் தானாக உதிர்ந்தன. மற்றவர்கள் குழிகளுக்குள் இறங்கினார்கள். ரக்கேரா கரையில் நின்றாள்.

வெயில் ஏறியதும் உள்கடல் பக்கமாகச் சின்னச் சின்னப் படகுகள் வரிசையாக வருவது தெரிந்தது. முதலில் வந்தவை சங்கிலிச் சக்கரத்தால் பவளத்திட்டின் மேல் ஆமைபோல ஏறிப் போயின. பின்னால் வந்த படகுகள் திட்டின் விளிம்பிலேயே முட்டி நின்றுவிட்டன. கரைக்கு இன்னும் அரை மைல் இருந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு மீன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த நிலாவுக்கு எங்கய்யா தண்ணி ஏறும்? எங்க வீட்டுப் பொம்பளையக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பாளே!"

படகுகளின் முன்பலகைகள் விழுந்தன. ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் கரும்புள்ளிகள்தான். புள்ளிகள் மெதுவாக நகர்ந்தன. நகர நகரக் குறைந்தன. சில வரிசைகள் கரையைத் தொடும் முன்பே இல்லாமல் போயின. அடுத்த படகு வந்தது. அதிலிருந்தும் இறங்கினார்கள்.

"அவங்க ஏன் திரும்பிப் போகல?" என்று ரக்கேரா கேட்டாளாம். அத்தனை ஆட்கள் ஒரு திசையில் நடந்துகொண்டிருக்க, எதிர்த்திசையில் ஒருவன் நடந்து வருகிறானா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மாலை அமெரிக்கர்கள் பைரிக்கியிலும் இறங்கினார்கள். குழியிலிருந்து கைதூக்கி ஏறிவந்தவர்களுக்கு சிகரெட்டும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வெயிலில் மூக்கு உரிந்துபோன ஒருவன் ரக்கேராவிடம் பிஸ்கட்டை நீட்டினான். அவள் வாங்காமல் பெத்தியோவைக் கைகாட்டி, "தெபானோ" என்றாள். "தெபானோ, தெபானோ." அவனுக்கு என்ன புரிந்ததோ, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பிஸ்கட்டை அவள் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்தான்.

நான்காம் நாள் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு நாற்றம் வந்தது.

அமெரிக்கர்களிடம் புதைக்க ஆள் போதவில்லை. எங்கள் ஆண்களைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள், பவுரோவும் போனான். நீர்ப்பக்கம் விழுந்தவர்கள், பதுங்கு அறைக்குள் கருகியவர்கள், கொரியாவிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கூலிகள், எல்லாரையும் எந்திரம் தோண்டிய நீளக் குழிகளில் போட்டார்கள். மாலையில் திரும்பி வந்தால் பவுரோ கழுத்தளவுத் தண்ணீரில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பான். மீன் தொடமாட்டான்.

"அத்தான், பாத்தீங்களா?"

"பாக்கல."

"கால் விரலைப் பாத்தீங்களா எல்லாருக்கும்?"

"ரக்கேரா, காலே இல்லாதவனுக்கு விரலை எங்க போய்ப் பாப்பேன்?"

ஊரார் கேட்டபோது பவுரோதான் முதலில் சொன்னான்: "ஜப்பான்காரன் மறுபடி இழுத்துட்டுப் போய்ப் புடிச்சு வச்சிட்டான். பதநீருக்கு ஆள் வேணும்னு விடல." கூட இருந்த ரக்கேரா ஆமாம் என்று தலையாட்டினாள். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெத்தியோக்காரர்கள் அவளை மனதாரச் சேர்த்துக்கொண்டது அன்றுதான். அந்த அணைப்புக்குள் அவள் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து வாரம் கழித்துப் பெண்களை உள்ளே விட்டபோது போய்ப் பார்த்தாள். தலையுள்ள தென்னை ஒன்றுகூட இல்லை. அவளுடைய வீடும் குழியும் மேடும் எந்திரத்தால் சமமாக்கப்பட்டு, பவளப்பொடி கொட்டி, விமானம் இறங்கும் வெள்ளைத் தரையாகியிருந்தன. எங்கே நின்று அழுவது என்றுகூட அவளுக்கு இடம் தெரியவில்லை. அமெரிக்க வீரர்களின் கல்லறைகளுக்கு வெள்ளைச் சிலுவைகள் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு சிலுவையாக நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

போர் முடிந்து மக்கள் பெத்தியோவுக்குத் திரும்பினார்கள். பவுரோ தன் நிலத்தில் ஒரு மூலையை அவளுக்குக் கொடுத்தான். நாற்பத்தாறில் தங்கள் வீரர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்துப்போக ஒரு அமெரிக்கக் குழு வந்தது. புதைகுழிகள் எங்கெங்கே என்று ஊராரைக் கேட்டார்கள். ரக்கேராவும் வரிசையில் போய் நின்றாள். மிஷன் வாத்தியார் மொழிபெயர்த்தார்.

"என் புருசன் இடது கால்ல பெருவிரல் இருக்காது. செருப்புப் போட்டதே இல்ல. உங்காளுங்க நடுவுல அப்படி ஒருத்தன் கெடந்தா எனக்குச் சொல்லுங்க."

அந்த அதிகாரி எழுதிக்கொண்டார். மரியாதையாகத்தான் பேசினார். "எங்க ஆட்களையே பாதிப்பேரை அடையாளம் தெரியல. கண்டுபுடிச்சா சொல்றேம்மா" என்றார். சில மாதம் தோண்டினார்கள். பெட்டிகளோடு கப்பலேறிப் போனார்கள். அவளுக்குச் செய்தி வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது: பெத்தியோவில் யார் எதற்குத் தோண்டி எலும்பைக் கண்டாலும், போலீசுக்கு ஒரு ஆள் போனால் ரக்கேரா வீட்டுக்கும் ஒரு ஆள் போகும். அவள் வந்து காலைப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஐம்பதில், மனைவியை இழந்த மையானாத் தீவுக்காரர் ஒருவர், நல்ல மனிதர், அவளைக் கேட்டு வந்தார். பவுரோவுக்குச் சம்மதம். போதகரையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான்.

"ஏழு வருசமாச்சு. முப்பது வயசுல இப்படி ஒத்தையில உக்காந்திருக்கணும்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு? அவனைப் புடிச்சு வச்சது ஜப்பான்காரன். நீ என்ன பண்ணுவ?"

அவள் பாயைப் பார்த்தபடி சொன்னாள்: "யாரும் புடிச்சு வைக்கல அத்தான். நான்தான் அனுப்பினேன். மெஷினை எடுத்துட்டு வரச்சொல்லி. அவரு வேண்டாம்னாரு. பயமான்னு கேட்டேன்."

போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பவுரோ எழுந்துவிட்டான். "என் தம்பியை ஒரு இரும்புக்கு வித்துட்டியே" என்றான். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான். அடுத்த வாரமே ஊர் முழுக்கத் தெரிந்தது. அவன் பிள்ளைகள் வருவதில்லை. மையானாக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். ஊர் மண்டபத்தில் அவளாகவே கடைசிப் பாய்க்குப் போய்விட்டாள். மராக்கேய்க்குத் திரும்பிப் போயிருக்கலாம். அண்ணன் தம்பிகள் ஆள் அனுப்பினார்கள். "அவரு வந்தா வீடு தெரியாம நிப்பாரு" என்று வந்தவனிடம் சொன்னாளாம். செத்தவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னாள்.

எட்டு வருடம் அப்படிப் போயிற்று. கரையில் நண்டு பொறுக்குவாள், பாய் முடைவாள், தேவாலயத்துக்குப் போய்த் தனியாகத் திரும்புவாள். ஒரு வார்த்தைகூடப் பேசாமலே போன வாரங்கள் உண்டு என்றாள். பேசினால் குரல் தனக்கே அந்நியமாக இருக்குமாம்.

ஐம்பத்தெட்டில் பவுரோவுக்கு மார்புநோய் முற்றியது. அவன் மகள் வந்து வாசலில் நின்று, "அப்பா கூப்பிடுறாரு" என்றாள்.

பவுரோ எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தான். எல்லாரையும் வெளியே போகச் சொன்னான்.

"அன்னிக்கு அவன் தண்ணியில எறங்குறதை நான் பாத்தேன்" என்றான். "எங்கடான்னேன். பதநீர்க் கத்தியை மறந்துட்டேன்னான். மெஷின்னு சொன்னா நான் கேலி பண்ணுவேன்னு நெனச்சிருப்பான். நான் மூத்தவன். போகாதடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பான்."

இருமல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நான் சொல்லல. போறது போற, மேற்கால பாறையிடுக்குல என் வாச்சி கெடக்கு, அதையும் எடுத்துட்டு வான்னு சொன்னேன். ஜப்பான்காரன் கதையை நான்தானே கட்டினேன். நீ உண்மையைச் சொன்ன அன்னிக்கு, எம்மேல இருந்த பாரம் எறங்கினமாதிரி இருந்துச்சு. உம்மேல ஏத்திவிட்டுட்டேன்."

ரக்கேரா அவன் பாயோரம் உட்கார்ந்தாள். பிறகு, "எட்டு வருசம் அத்தான்" என்றாள். "எட்டு வருசம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாமே."

அவனை மன்னித்தாளா என்று நான் கேட்டேன். "தெரியல தம்பி. கஞ்சி ஊட்டினேன். பதினோரு நாள் ஊட்டினேன். அப்புறம் போயிட்டாரு" என்றாள்.

நான் அபையாங் தீவிலிருந்து பெத்தியோவுக்கு வேலைக்கு வந்தவன். எழுபதுகளின் கடைசியில் காலரா வந்து போனபிறகு ஊருக்குக் கழிவுநீர்க் குழாய் போட முடிவானது. தோண்டும் ஆட்களுக்கு நான் மேஸ்திரி. ஒரு காலை, ஆளுயரப் பள்ளத்தில் மண்வெட்டி ஏதோ தோலில் சிக்கியது. பூட்ஸ். அதற்கு மேலே எலும்புகள்.

சொல்லியனுப்பினோம். ரக்கேரா வந்தாள். அறுபதை நெருங்கிய, குள்ளமான, வேகமாக நடக்கிற பெண். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பூட்ஸ் போட்டிருக்கான் அக்கா. அமெரிக்கக்காரன்தான். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"இடது காலைக் கழட்டிப் பாரு தம்பி."

"அக்கா..."

"செத்தவனோடதை எடுத்து மாட்டியிருக்கலாம்ல? பவளம் காலைக் கிழிக்கும்ல?"

இறங்கிக் கழற்றினேன். தோல் கையோடு பிய்ந்து வந்தது. விரல் எலும்புகளை ஒவ்வொன்றாக ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எடுத்து மேலே நீட்டினேன். அவள் விரலால் நகர்த்தி எண்ணினாள். பெருவிரல் எலும்பும் இருந்தது.

"இவன் வேற ஆளு" என்று சிரட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "சரி, வச்சிரு."

அத்தோடு போய்விடுவாள் என்று நினைத்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு புதுப் பாயோடு திரும்பி வந்தாள். அதை எலும்புகளின் மேல் விரிக்கச் சொன்னாள். பள்ளத்து விளிம்பில் உட்கார்ந்தாள்.

எங்கள் வழக்கத்தில் இறந்தவனைத் தனியே விடமாட்டோம்; மூன்று நாள் சுற்றி உட்கார்ந்திருப்போம். அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வர மூன்று வாரம் ஆயிற்று. அவ்வளவு நாளும் காலையில் வந்து பொழுது சாயும்வரை இருந்தாள். மற்ற இடத்தில் வேலை நடந்ததால் தேநீர் வேளைக்கு நான் மட்டும் அவளிடம் போய் உட்காருவேன். இந்தக் கதையை அப்போதுதான் கேட்டேன்.

எங்கள் ஆட்களில் ஒருவன் கிண்டலாகக் கேட்டான்: "ஏன் அக்கா, இவன் உங்களுக்கு என்ன ஒறவு?"

"ஒறவா? ஒண்ணுமில்ல" என்றாள். "ஒறவுக்காரங்க எங்க இருக்காங்கன்னு தெரியாது. வர்ற வரைக்கும் யாராவது இருக்கணும்ல? வேலையைப் பாரு போ."

இரண்டு அமெரிக்கர்கள் வந்தார்கள். எலும்புகளைப் பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கினார்கள். கழுத்தில் கிடந்த உலோகத் தகடு அரித்துப்போய் எழுத்துத் தெரியவில்லை. பெயரைக் கேட்கச் சொன்னாள், கேட்டேன்.

"இப்போ தெரியாதாம். அங்க போய்ப் பல்லை வச்சுக் கண்டுபுடிப்பாங்களாம்."

"கண்டுபுடிச்சா அவங்க வீட்ல சொல்லிருவாங்கள்ல?"

"சொல்லுவாங்களாம்."

"அவனுக்கு அம்மா இருந்தா வயசு என்ன இருக்கும் இப்ப?" என்று கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். இருக்க வாய்ப்புக் குறைவு என்று இருவருக்கும் தெரிந்தது. அவள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் வீட்டிலேயே வந்து இருக்கும்படி என் மனைவி பலமுறை கூப்பிட்டிருக்கிறாள். "ஒத்தையில இருந்தே பழகிப்போச்சு, கொழந்தே. பக்கத்துல ஆள் மூச்சுவிட்டா எனக்குத் தூக்கம் வராது" என்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட வருவாள். சாப்பிட்டதும் கிளம்பிவிடுவாள்.

தொண்ணூறில் ஒரு ஞாயிறு வரவில்லை. மனைவி போய்ப் பார்த்தாள். முடைந்துகொண்டிருந்த பாயின் மேலேயே சாய்ந்திருந்தாள்.

மூன்று நாள் உட்கார்ந்தோம். பவுரோவின் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். மராக்கேய்க்கு ரேடியோவில் சொல்லியிருந்தோம்; கடல் சரியில்லாததால் கப்பல் நான்காம் நாள்தான் வந்தது. அவளுடைய தம்பி மகன் இறங்கினான். நாற்பது வயதிருக்கும். அடக்கம் முடிந்துவிட்டது என்றதும் மண்மேட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றான். கொண்டுவந்த உப்புமீன் கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"நான் அத்தையைப் பாத்ததே இல்ல" என்றான். "எப்படி இருப்பாங்க?"

உட்காரச் சொன்னேன். என் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். "குள்ளமா இருப்பாங்க" என்று ஆரம்பித்தேன்.